மெழுகில் பதிந்த குரல்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் பேரவை நண்பர்கள் கேட்டபோது, எடிசனைப் பற்றி எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பல்பு, ஃபோனோகிராஃப், ஆயிரம் தோல்விகள்... எல்லாம் நமக்கு மனப்பாடம். நூலகத்தில் உட்கார்ந்து ஃபோனோகிராஃப் பற்றிக் குறிப்பு எடுக்கும்போதுதான் ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. 1903-ஆம் ஆண்டுப் படம். பெரிய உலோகக் கூம்பு ஒன்று. அதற்கு எதிரே ஒரு வயதான அம்மா. பக்கத்தில் கருவியோடு ஒரு வெள்ளைக்காரர். அந்த அம்மா யார் என்று தேடப் போனேன். எடிசன் கட்டுரை அன்றோடு போச்சு!

அவர் பெயர் ஃபேனி காக்ரேன் ஸ்மித். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவைச் சேர்ந்த பழங்குடிப் பாடகி. அவர் வாழ்ந்த காலத்தில், அவருடைய இனமே அழிந்துவிட்டது என்று உலகம் எழுதி முடித்துவிட்டது. அழியவில்லை என்பதற்கு அவர் விட்டுச்சென்ற சாட்சி ஒன்று உண்டு. அவருடைய பாட்டு!

வாருங்கள், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கீழே ஒரு தீவு தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய இலங்கை அளவு. அதுதான் டாஸ்மேனியா. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தார்கள். 1803-ல் ஆங்கிலேயர் வந்து இறங்கினார்கள். கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்தை வளைத்துப் போட்டார்கள். 1820-களில் அது பெரிய சண்டையாகவே வெடித்தது. ஈட்டியும் துப்பாக்கியும் மோதினால் முடிவு என்னவாகும்? சொல்ல வேண்டியதில்லை. அத்தோடு புதுப்புது நோய்கள் வேறு.

மிஞ்சிய சுமார் 200 பேரைப் பாதுகாப்பு என்ற பெயரில் ஃப்ளிண்டர்ஸ் என்ற குட்டித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குடியிருப்புக்குப் பெயர் வைபலென்னா. கறுப்பர் வீடுகள் என்று அர்த்தமாம். கடுங்காற்று, குளிர், போதாத சாப்பாடு, நெஞ்சுச் சளி நோய்கள். ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். 1847-ல் அந்த இடத்தை மூடியபோது உயிரோடு மிஞ்சியவர்கள் 47 பேர்தான். ஒரு தீவின் மக்களில் அங்கே எஞ்சியது நம்ம ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அடங்கிப்போகும் எண்ணிக்கை!

அந்த வைபலென்னாவில்தான் 1834 டிசம்பரில் ஃபேனி பிறந்தார். தாய் டாங்கனுட்டுரா. பெற்றோர் சொந்த மொழியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, ஏட்டில் நின்றது ஆங்கிலப் பெயர்தான். ஏழு வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து, வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்று சொல்வதே தப்பு. சமயபோதகர் ஒருவரின் வீட்டில் அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது அழுக்கும் அடியும் புறக்கணிப்பும்தான். தாய்மொழியை மறக்கடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இருக்க முடியுமா?

ஆனால் ஃபேனி மறக்கவில்லை. வைபலென்னா மூடப்பட்டதும், மிஞ்சியவர்களை ஹோபார்ட் நகருக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தாயோடு மறுபடி சேர்ந்தார். அந்தப் பெரியவர்களோடு இருந்த காலத்தில்தான் பாட்டு, கதை, கூடை முடைதல், காட்டு மருந்து, கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தல் எல்லாம் அவரிடம் நிலைத்தன. பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆனா கற்றது எதுவும் வீண் போகவில்லை.

1854-ல் வில்லியம் ஸ்மித் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் இங்கிலாந்திலிருந்து கைதியாக வந்து விடுதலையானவர். மரம் அறுக்கும் தொழிலாளி. திருமணத்தின்போது அரசு ஃபேனிக்கு ஆண்டுக்கு 24 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. பிறகு நிக்கல்ஸ் ரிவுலெட் என்ற ஊரில் குடியேறினார்கள். ஆறு பையன், ஐந்து பெண் என்று 11 பிள்ளைகள்! கூரை வேய்வதற்கான மெல்லிய மரப்பலகைகளைக் காட்டில் தானே வெட்டி, தானே சுமந்து வெளியே கொண்டுவருவார் ஃபேனி. சாமான் வாங்க 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹோபார்ட்டுக்கு நடந்தே போவார். பஸ் பாஸ் தாமதமானால் கிளாசுக்கு மட்டம் போடும் நம்மை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுச் சமையலறையில் மெதடிஸ்ட் சபையின் வழிபாடு நடக்கும். பின்னர் தேவாலயம் கட்டத் தன் நிலத்திலேயே இடம் கொடுத்தார். 1901-ல் அது திறக்கப்பட்டது. ஞாயிறு வழிபாட்டில் ஆங்கிலத் துதிப்பாடல், மற்ற நாளில் காட்டில் பச்சிலை தேடுவது. இரண்டும் அவருக்கு ஒத்துப்போயின. ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

இதற்கிடையே 1876-ல் ட்ருகனினி என்ற மூதாட்டி ஹோபார்ட்டில் இறந்தார். கடைசி டாஸ்மேனியர் போய்விட்டார் என்று எல்லாரும் எழுதினார்கள். ஒரு இனம் அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வசதி, யோசித்துப் பாருங்கள். நிலம் கேட்க ஆள் இல்லை. நியாயம் கேட்க ஆள் இல்லை. கணக்கு முடிந்தது!

அப்போது ஃபேனி எழுந்து, நான் இருக்கிறேனே என்றார். அவர் பேச்சை டாஸ்மேனியப் பாராளுமன்றமே ஏற்றது. உதவித்தொகையை 50 பவுண்டாக உயர்த்தியது. நிலமும் மொத்தம் 300 ஏக்கர் ஆனது. ஆனால் அறிஞர்கள் விடுவார்களா? இங்கிலாந்திலிருந்த ஹென்றி லிங் ராத் என்ற மானிடவியலாளர், ஃபேனியின் புகைப்படங்களையும் ஒரு கற்றை முடியையும் வைத்து ஆராய்ந்து, இவர் முழுப் பழங்குடி அல்ல, கலப்பினம் என்று 1898-ல் கட்டுரை வெளியிட்டார். தாயின் பெயர் தெரியும், பிறந்த இடம் தெரியும், பாட்டு தெரியும், மொழி தெரியும். அதெல்லாம் போதாதாம். முடி சுருளுகிற விதம்தான் சாட்சியாம்!

ஃபேனி பதிலுக்குக் கட்டுரை எழுதவில்லை. பாடினார்.

ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் அவர் பெயர் பெற்ற பாடகி. கூட்டங்களில் முன்னோர் பாட்டைப் பாடுவார், ஆடிக்காட்டுவார், கதை சொல்லுவார். 1899-ல் ஹோபார்ட்டில், டாஸ்மேனியாவின் ராயல் சொசைட்டி அவர் குரலை ஃபோனோகிராஃபில் பதிவு செய்தது. 1903-ல் ஹோரஸ் வாட்சன் என்பவர் மீண்டும் பதிவு செய்தார். நான் பார்த்த படம் அப்போது எடுத்ததுதான். இந்த வாட்சன் யார் தெரியுமா? மருந்துக் கடைக்காரர். மாமனார் வழியில் வந்த கீன்ஸ் என்ற கறிப்பொடி வியாபாரத்தையும் நடத்தியவர். ஹோபார்ட் மலைச்சரிவில் கல்லை அடுக்கி அந்தக் கறிப்பொடியின் பெயரை ராட்சத எழுத்தில் எழுதி வைத்த ஆசாமி! விளம்பரத்துக்குக் கல்லில் எழுதியவர், பாட்டை மெழுகில் எழுத வைத்தார்.

இந்த இடத்தில் நம்ம மெக்கானிக்கல் மூளை கொஞ்சம் வேலை செய்யட்டும். அந்தக் கருவியில் கரண்ட் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது, மைக்கும் கிடையாது. நம் ஒர்க்‌ஷாப் லேத்தை மனதில் வையுங்கள். ஜாப் இருக்கிற இடத்தில் ஒரு மெழுகு உருளை. அதை ஸ்பிரிங் மோட்டார் சுழற்றுகிறது. லீட் ஸ்க்ரூ போலவே ஒரு திருகு. அங்குலத்துக்கு 100 புரி. அது ஊசியை மெல்ல நகர்த்துகிறது. கூம்புக்குள் பாடினால் காற்றின் அழுத்தம் மெல்லிய தகடு ஒன்றை அதிரவைக்கும். தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகை வெட்டும். லேத்தில் டெப்த் ஆஃப் கட்டை நாம் கையால் வைக்கிறோம். இங்கே அதை வைப்பது பாடுகிறவரின் குரல்! சத்தத்துக்கேற்ப வெட்டு ஆழமாகும், மேலேறும். அந்தப் பள்ளம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஒரு உருளையில் இரண்டு, மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும்.

முடியை அளந்து இவர் இல்லை என்றார்கள். முடியைவிடச் சிறிய பள்ளத்தில் இவர் இருக்கிறேன் என்று எழுதிவிட்டார்!

பதிவானதைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது ஃபேனி அழுதுவிட்டாராம். கேட்டது தன் குரல் அல்ல, தாயின் குரல் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்கிறார்கள். அந்தப் பதிவுகளில் வசந்த காலத்தைப் பற்றிய பாட்டும் உண்டு. வைபலென்னாவின் குளிரில் பிறந்தவர், எழுபது வயதை நெருங்கும்போது வசந்தத்தைப் பாடியிருக்கிறார்.

1905 பிப்ரவரி 24-ல் நிமோனியா கண்டு ஃபேனி மறைந்தார்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விடக்கூடாது. ட்ருகனினி தன் உடலை யாரும் அறுத்துக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று அஞ்சி அஞ்சி இறந்தவர். அவர் எலும்புக்கூட்டை 1904 முதல் 1947 வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவர் விருப்பப்படி அஸ்தியைக் கடலில் கரைத்தது 1976-ல்தான், இறந்து நூறு ஆண்டு கழித்து! அதே ஊரில், அதே காலத்தில், ஒருவரின் எலும்பைக் கண்ணாடிப் பெட்டியில் நிற்கவைத்தார்கள். இன்னொருவரின் குரலை மெழுகில் பதித்தார்கள். இரண்டும் அறிவியல் என்ற பெயரில்தான் நடந்தன. கருவி நல்லதா கெட்டதா என்று விவாதிக்கிறோமே, எதிரே இருப்பவரை மனுஷராகப் பார்த்தோமா என்பதுதான் முதல் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

மெழுகு நிலையானது அல்ல. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி தேய்க்கும். பூஞ்சை பிடிக்கும். கை தவறினால் உடையும். நல்லவேளை, பிற்காலத்தில் அந்தப் பாட்டுகளை டேப்பிலும், பிறகு டிஜிட்டலிலும் மாற்றிவிட்டார்கள். டாஸ்மேனியப் பழங்குடி மொழிகளும் பாட்டும் பாடியவரின் வாயிலிருந்தே பதிவானவை என்றால் உலகத்தில் இவை மட்டும்தான். 2017-ல் யுனெஸ்கோவின் ஆஸ்திரேலிய நினைவுப் பதிவேட்டில் இவை சேர்க்கப்பட்டன. 1990-களில் அம்மக்கள் பழைய குறிப்புகளைத் திரட்டி, பலாவா கானி என்ற பெயரில் தங்கள் மொழியை மீட்டெடுக்கத் தொடங்கியபோது, அந்த மொழி காதில் எப்படி ஒலித்தது என்பதற்கு இருந்த சாட்சி ஃபேனியின் குரல்தான்.

கடைசி டாஸ்மேனியர் தானே என்று வாதாடியவர் ஃபேனி. அதைப் பொய்யாக்கியவர்கள் அவர் பெற்ற பிள்ளைகளே! இன்று அவர் வழிவந்தோர் ஏராளம். பக்கத்துத் தீவுகளில் தப்பிய குடும்பங்களின் சந்ததியும் உண்டு. 2021 கணக்கெடுப்பில் டாஸ்மேனியாவில் தம்மைப் பழங்குடியினர் என்று பதிந்தவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். 47 பேரோடு கணக்கு முடிந்தது என்றார்களே, அந்த ஊரில்!

நண்பர்களே, முடிக்கும் முன் சொந்தக் கதை கொஞ்சம். எங்க அப்பத்தா நடவுப் பாட்டு நல்லாப் பாடும். சும்மா உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கும்போதுகூட வாய் முணுமுணுக்கும். நான் ஒரு நாளும் காது கொடுக்கவில்லை. போன வருஷம் செமஸ்டர் நேரத்தில் அது போய்ச் சேர்ந்தது. என் போனில் 64 ஜிபி இடம். சினிமாப் பாட்டு, நண்பர்கள் கலாட்டா, லேப் வீடியோ எல்லாம் இருக்கு. அப்பத்தா குரல் மட்டும் இல்லை. வாட்சன் ஒரு ஸ்பிரிங் மோட்டாரையும் மெழுகு உருளையையும் வைத்துச் செய்த காரியம், பட்டன் ஒன்றைத் தொட்டால் முடிகிற எனக்கு முடியாமல் போச்சு.

இந்தப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், தாத்தா பாட்டி இருக்கிற புண்ணியவான்கள், ஒரு இரண்டு நிமிடம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். போனை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பாடச் சொல்லிக் கேளுங்கள்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்