கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

பிழை நேர்தல் மாந்தர்க்கு இயல்பு. அதனைச் சிறிதென்று விடாமல் தேடிக் களைதலே அறிவுடைமை. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவார்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதுச் சிறுமியாய் இருந்தபொழுது, கடிகாரம் எவ்வாறு மணி அடிக்கிறது என்று அறிய விரும்பி, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். வாசர் கல்லூரியில் கணிதம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார்; 1934இல் யேல் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இரண்டாம் உலகப்போரின்போது அம்மையார் கடற்படையில் சேர விழைந்தார். உடல் எடை போதாது என்று தடை எழுந்தது. எனினும் தளராது முயன்று, சிறப்பு இசைவு பெற்று 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டில், ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த 51 அடி நீளமுள்ள 'மார்க் 1' என்னும் கணிப்பொறிக்குக் கட்டளைகள் எழுதும் பணி இவருக்குக் கிடைத்தது.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் 'மார்க் 2' பொறி பழுதுற்றது. குழுவினர் தேடியபோது, மின் தொடுப்பு ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினர். அம்மையாரும் அக்குழுவில் பணியாற்றியவரே.

பூச்சியால் நேர்ந்த பழுதினும் கைப்பிழையால் நேர்ந்த தொல்லையே பெரிது. அக்காலத்தில் கட்டளைகள் எண்களாகவே எழுதப்பட்டன. முன்பு எழுதியவற்றைக் குறிப்பேட்டிலிருந்து படியெடுக்கும்போது எண்கள் மாறிப் பிழைகள் மலிந்தன. இவ்வேலையைப் பொறியே செய்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். 1952இல் 'ஏ-0' என்னும் தொகுப்பியை ஆக்கினார். கணிப்பொறி கணக்குப் போடுமேயன்றிக் கட்டளைகளைத் தொகுக்காது என்று பலர் நம்ப மறுத்தனர். அம்மையாரோ தொகுப்பியை இயக்கியே காட்டினார். பின்னர், ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் மொழியொன்றையும் அமைத்தார். 1959இல் உருவாகத் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே பெரிதும் அடிப்படையாயிற்று.

1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார், 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புக் கருவியை இயக்கும் கட்டளைகள், பெரும்பாலும் இயக்க முறைமையின் உட்கருவிலேயே அமைகின்றன. ஆதலின் அங்கு நேரும் சிறு பிழையும் பொறி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். மதிப்பு இடப்படாத மாறி, இடத்திற்கு மிஞ்சிய எழுத்து முதலியவற்றைக் கண்டு, இக்காலத் தொகுப்பி முன்னரே எச்சரிக்கின்றது. பொறி இப்போது ஓடுகின்றதே என்று அதனைப் புறக்கணித்தல் தகாது. எச்சரிக்கையின் வாயை அடைப்பதும் திருத்தமாகாது. காரணத்தைக் கண்டு களைவதே திருத்தமாகும்.

மாணவர்களே! பிழையைச் சுட்டுவோரை வெறாது, சுட்டிய பிழையைத் திருத்தப் பழகுங்கள். அதுவே அம்மையாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.