மொட்டைமாடியில் ஒரு தொழிற்சாலை

கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்பை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, தாம் குடியிருந்த வாடகை வீட்டின் மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார் என்றால் நண்பர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆனால் அது நடந்த கதை. இடம் கல்கத்தா, அப்பர் சர்க்குலர் ரோடு, 91-ஆம் எண் வீடு. பேராசிரியரின் பெயர் பிரபுல்ல சந்திர ராய். குளிர்கால வெயிலில் எலும்பு காய்ந்துவிடும் என்று அவர் போட்ட கணக்கைக் காலந்தவறிப் பெய்த மழை கெடுத்துவிட்டது. ஒட்டியிருந்த தசை அழுகிப் புழு வைத்தது. காக்கைகள் எலும்பைக் கொத்திக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. அண்டை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சண்டை பிடித்தனர்; சுகாதார அதிகாரிகளிடம் முறையிடப் போவதாகவும் எச்சரித்தனர். வேறு வழியின்றி எலும்பையெல்லாம் ஊர்க்கோடியில் ஒரு வெற்றிடத்துக்கு ஏற்றிச் சென்று, இரவில் தீ மூட்டி எரித்தார்கள். நள்ளிரவில் நெருப்பைக் கண்ட போலீஸ்காரர், யாரோ பிணத்தைக் கள்ளத்தனமாக எரிக்கிறார்கள் என்று ஐயுற்று வந்து கிளறிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம் வளாகத்தில் மாணவர்கள் தொழில் தொடங்குவதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, வெண்பலகையும் சுழல்நாற்காலிகளும் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியந்தான். முதல் கூட்டத்திற்கு நானும் போயிருந்தேன். முதலீடு, பங்கு, கம்பெனியின் மதிப்பு என்று இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. எந்தப் பொருளைச் செய்வது, அதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்பது கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வந்தது. அன்றிரவு விடுதிக்குத் திரும்பும்போது எனக்கு ராயின் நினைவே வந்தது.

ராய் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திரர் நிலக்கிழார். வீட்டிலேயே நூலகம் வைத்திருந்தவர். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் 1870-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஹேர் பள்ளியில் படிக்கும்போது சிறுவனைக் கடுமையான சீதபேதி பற்றியது. படிப்பு ஏறக்குறைய இரண்டாண்டு நின்றது. அந்நோய் விட்டுச் சென்ற செரியாமையும் தூக்கமின்மையும் கடைசிவரை அவரை விடவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்த அந்தக் காலத்தில்தான் தந்தையின் நூலகத்தை அவர் வாசித்துத் தீர்த்தார். பின்னர் வித்யாசாகரரின் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரசாயனத்துக்கு வசதி இல்லாமையால் பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லரின் வகுப்பைக் கேட்டு வந்தார். 1882-இல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார். அங்கு கிரம் பிரவுன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் பயின்று 1887-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு 1888-இல் திரும்பியவருக்கு ஏறத்தாழ ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. நண்பர் ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கினார். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கல்வித் துறையின் உயர்ந்த படி வெள்ளையர்க்கு, தாழ்ந்த படி நம்மவர்க்கு என்றிருந்த காலம் அது. அந்த மனக்குறை அவரிடம் இருந்தது. ஆனால் அதையே நினைத்து அவர் உட்கார்ந்துவிடவில்லை.

அவரை வருத்திய காட்சி வேறு. ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் அனைவரும் ஒரே வாசலில், அதாவது சர்க்கார் குமாஸ்தா வேலையின் வாசலில், முட்டி மோதினர். மருந்துக்கடை அலமாரியிலோ சீசா ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்ததாக இருந்தது. ரசாயனம் படித்தவன் நாட்டில் இருக்கிறான், ரசாயனப் பொருளும் நாட்டுக்குத் தேவைப்படுகிறது, இரண்டுக்கும் நடுவில் மட்டும் பாலமில்லை. அந்தப் பாலத்தைக் கட்டத்தான் எலும்பு மூட்டை வந்தது.

எலும்பைச் சுட்டால் எஞ்சும் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் ஆகும். மேலும் சோடா சேர்த்து, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்தால் சோடியம் பாஸ்பேட் படிகம் படிகமாக இறங்கும். முதலாண்டு மாணவன் அறிந்த ரசாயனந்தான். வகுப்பில் பாடம் நடத்தும்போது எலும்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயிலேயே போட்டுக் காட்டுவாராம். தீயில் வெந்தபின் அது மாட்டெலும்புமன்று, மனித எலும்புமன்று, ஒரு ரசாயனப் பொருள் மட்டுமே என்பதை விளக்க அவர் கண்ட வழி அது. வைதிகக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதைச் செய்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

எடுத்ததெல்லாம் கைகூடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் செய்ய முயன்றார்; கட்டுப்படியாகவில்லை. சாஜி மண்ணிலிருந்து சோடா எடுக்கப் பார்த்தார். இங்கிலாந்தில் புருன்னர் மாண்ட் கம்பெனி மலைமலையாகச் செய்து அனுப்பிய சோடாவின் விலையோடு போட்டியிட முடியாது என்று கண்டதும் விட்டுவிட்டார். விட்டதிலும் ஒரு கணக்கு இருந்தது. கச்சாப்பொருள் இங்கே மலிவா, வாங்குவோர் இங்கே உண்டா, பெரிய யந்திரம் இல்லாமல் செய்ய முடியுமா என்ற மூன்றையும் பார்த்தபிறகே எலும்பையும் மருந்துச் சரக்கையும் கைக்கொண்டார்.

1892-இல் வங்காளக் கெமிக்கல் தொழிலகம் அந்த வாடகை வீட்டில் பிறந்தது. முதல் சுமார் 700 ரூபாய். தந்தையார் விட்டுச்சென்ற கடன் சுமையும் அக்காலத்திலேதான் அவர் தலைமேல் வந்தது. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் அதைத் தீர்த்தார். பகலில் கல்லூரி வகுப்பு. மாலையில் வீட்டிற்கு வந்து ஆர்டர்களைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, சரக்கின் தரத்தைச் சோதிப்பது.

செய்வதைவிட விற்பதுதான் கடினமாயிருந்தது. சுதேசிச் சரக்கை வாடிக்கைக்காரர் நம்பமாட்டார் என்று கடைக்காரர்கள் கையை விரித்தனர். இந்த இடத்தில் அமூல்ய சரண் போஸ் என்ற மருத்துவர் துணைக்கு வந்தார். ராதா கோவிந்த கர், நீல் ரத்தன் சர்க்கார் போன்ற மருத்துவர்களைக் கொண்டு இம்மருந்துகளை எழுதிக் கொடுக்கச் செய்தார். மருந்துச்சீட்டோடு நோயாளி வந்து நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? சரக்கு மெல்ல அலமாரி ஏறியது. பிரிட்டிஷ் மருந்து நூலில் கண்டவற்றோடு நில்லாமல் நாட்டு மூலிகைகளையும் நவீன முறையில் வடித்துச் சீசாவில் அடைத்தார்கள். அவை நமக்கு அந்நியமானவை அல்ல: ஆடாதோடைச் சிரப், நிலவேம்புச் சாரம், குடசப்பாலைச் சாரம், ஓமத் தண்ணீர். நம் பாட்டிமார் அடுக்களையில் வைத்திருந்ததைத்தான் பேராசிரியர் அளவும் தரமும் குறித்துக் கடைக்கு அனுப்பினார்.

இதன் நடுவே இரண்டு இடிகள். சதீஷ் சந்திர சின்ஹா என்பவர் ரசாயனத்தில் எம்.ஏ. தேறியவர், உத்தியோகம் தேடாமல் இத்தொழிலில் வந்து சேர்ந்த இளைஞர். அவர் ஹைட்ரோசயனிக் அமில நஞ்சினால் விபத்தில் மாண்டார். 1898-இல் பரவிய பிளேக்கில் அமூல்ய சரணும் மறைந்தார். தோளோடு தோள் நின்ற இருவரும் போனபின் கல்லூரியும் ஆலையும் ராய் ஒருவர் தலைமேல் விழுந்தன. ராயைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இப்பகுதியை விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியெனப் படவில்லை. சதீஷ் நம் வயதை ஒத்தவராகத்தான் இருந்திருப்பார். புகைபோக்கி அறையின் கண்ணாடியை இறக்காமல் அமிலம் ஊற்றும் நம் ஆய்வுக்கூட நண்பர்கள் சிலர் அவரை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

1901-இல் தொழிலகம் இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தில் லிமிடெட் கம்பெனியாயிற்று. 1905-இல் மாணிக்தலாவில் தனி ஆலை எழுந்தது; கந்தக அமிலத்தைத் தாங்களே செய்ய ஈய அறைகளும் அமைந்தன. 1903-இல் ராஜசேகர் பாசு என்ற ரசாயனப் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்து, பின்னர் ஆலையின் நிர்வாகத்தையே ஏற்றார். பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்கவைத்த எழுத்தாளரும் அவரே. படித்தவர்க்கு வேலை தேடித் தருவதற்குப் பதில், படித்தவர் வேலை செய்யும் இடத்தையே ராய் உண்டாக்கினார்.

இத்தனைக்கும் இடையில் ஆராய்ச்சியை அவர் விட்டுவிட்டாரா என்றால், இல்லை. பாதரசத்தின்மேல் குளிர்ந்த, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றிவைத்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்று கண்டு 1896-இல் வெளியிட்டார். 1902-இல் இந்து ரசாயன வரலாற்றின் முதற்பாகம் வந்தது. இந்நாட்டில் விஞ்ஞானம் ஏன் பட்டுப்போயிற்று என்று அந்நூலில் ஆராய்கிறார். கைத்தொழில் ஒரு சாதிக்கும் நூலறிவு வேறொரு சாதிக்கும் என்று பிரிந்ததால், செய்கிறவனுக்கு ஏன் என்ற கேள்வியும் கேட்கிறவனுக்குச் செய்யும் கையும் இல்லாமற் போயின என்பது அவர் கண்ட முடிவு. எலும்பு மூட்டையை ஏன் அவர் கூச்சமின்றித் தூக்கினார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. நம் விடுதியிலும், ஆய்வேடு எழுதுபவன் ஒரு படி மேல், கடை வைப்பவன் ஒரு படி கீழ் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

அவருடைய கருத்து ஒன்றோடு மட்டும் எனக்குச் சிறு பிணக்கு உண்டு. வெளியூரார் வந்து கல்கத்தாவின் வாணிகத்தையெல்லாம் கைக்கொண்டார்கள், வங்காளியோ நாற்காலி உத்தியோகத்தில் மயங்கிக் கிடக்கிறான் என்று அவர் ஓயாமல் எழுதினார், பேசினார். வந்தவரை அவர் வையவில்லை, தம்மவரைத்தான் வைதார். ஆயினும் பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எனக்கு அப்பகுதியை வாசிக்கையில் மனம் சற்றுச் சுருங்கியது. பின்னர் யோசித்தேன். வெளியூர் வந்தவன் துணிவதற்குக் காரணம், அவனுக்கு இழக்க நிலமோ நாற்காலியோ இல்லை. ராய்க்குத் துணிய முடிந்ததற்குக் காரணம், மாதம் பிறந்தால் வரும் 250 ரூபாய். மணம் செய்துகொள்ளாதவர், குடும்பச் செலவு என்று பெரிதாக இல்லை. வீட்டில் மூத்த பிள்ளையாய், தங்கையின் படிப்பையும் பார்க்கவேண்டிய மாணவனிடம் போய் நீயும் துணி என்று வெறுங்கையோடு சொல்வது நியாயமாகாது. அவனுக்கு ஓராண்டுச் சோற்றுக்கு வழி செய்துவிட்டல்லவா அதைச் சொல்லவேண்டும்? ராயின் அறையில் ஏழை மாணவர் சிலர் எப்போதும் தங்கி உண்டு படித்தார்கள் என்ற செய்தியை இங்கே சேர்த்துப் பார்க்கிறேன்.

அந்த அறை கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியின் மாடியில் இருந்தது. 1916-இல் பிரசிடென்சியை விட்டு அங்கே பாலித் பேராசிரியராகச் சேர்ந்தவர், கல்லூரிக் கட்டடத்திலேயே குடியேறிவிட்டார். அறுபது வயது நிறைந்த 1921 முதல் தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1922-இல் நாகார்ஜுனர் பெயரால் ரசாயன ஆராய்ச்சிப் பரிசுக்கென்று 10,000 ரூபாய் தந்தார். அதே ஆண்டு வடவங்காளத்தை வெள்ளம் அழித்தபோது, நிவாரணக் குழுவின் தலைமையை ஏற்று அதே கட்டடத்தை அரிசியும் துணியும் சேரும் பண்டகசாலையாக்கினார்.

கம்பெனியின் பிற்கதை அவ்வளவு இனிமையாக இல்லை. விடுதலைக்குப் பின் நலிந்து, 1977-இல் மத்திய அரசின் நிர்வாகத்துக்குச் சென்று, 1980-இல் அரசுடைமையாயிற்று. நெடுங்காலம் நஷ்டத்தில் கிடந்து 2016-17-இல்தான் மீண்டும் லாபம் கண்டது.

பெங்களூரில் இருக்கும் நமக்கு இக்கதையில் பங்கில்லை என்று எண்ணவேண்டாம். 1916-இல் இங்கே எழுந்த சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை, டாட்டா இன்ஸ்டிட்யூட் ஆய்வுக்கூடத்தில் சட்பரோவும் வாட்சனும் வடித்துக் காட்டிய எண்ணெயிலிருந்து வந்ததுதான். நாம் தேய்த்துக் குளிக்கும் மைசூர்ச் சந்தன சோப்புக்கும் அதுவே வேர். பின்னர் ராயின் மாணாக்கரான ஞான சந்திர கோஷ் 1939-இல் அதே இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக வந்தார். முந்திய ஆண்டுகளில் வெறும் ஆராய்ச்சிக்கூடமாகவே பெரிதும் இருந்த அவ்விடத்தில், யுத்த காலத்தில் பொறியியல் துறைகள் விரிந்தன. 1940-இல் நகரின் மறுகோடியில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்ற, 1942-இல் இங்கே விமானப் பொறியியல் துறை தோன்றியது.

1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், விஞ்ஞானக் கல்லூரி மாடியிலிருந்த அதே அறையில், மாணவர்கள் சூழ்ந்திருக்க, ராய் காலமானார். கோஷ் அப்போது பெங்களூரில்தான் இயக்குநராக இருந்தார்.