விரலில் தோன்றிய கட்டி

நம் பொம்மிடியில் இருமலென்று மருத்துவரிடம் போனால், ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்ப்பார். அக்கருவியை 1816-இல் உருவாக்கியவர் ரெனே லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். காசநோயை ஆராய்ந்து, அந்நோய்க்கே பலியானவர்.

பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள கெம்பேர் நகரில் 1781 பிப்ரவரி 17-ஆம் நாள் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். நாந்த் நகரில் மருத்துவராயிருந்த தந்தையின் உடன்பிறந்தார் அவரை வளர்த்தார். 1801-இல் பாரிசு சென்று மருத்துவம் பயின்றார்.

இறந்தோர் உடல்களை அறுத்து ஆராய்வது அவருடைய அன்றாடப் பணி. நுரையீரலில் தினையரிசி போன்ற சிறு முண்டுகளைக் கண்டார். அவையே குடலிலும் எலும்பிலும் கழுத்துக் கழலைகளிலும் இருந்தன. வெவ்வேறு நோய்கள் என்று பலர் எண்ணியவை ஒரே நோயின் வடிவங்கள் என அவர் தெளிந்தார்.

ஒருநாள், காசநோய் அரித்த முதுகெலும்பை அறுக்கையில், ரம்பம் அவரது இடக்கை ஆள்காட்டி விரலில் இலேசாக உரசிவிட்டது. சில நாட்களில் அங்கே தோலுக்கடியில் சிறு கட்டி ஒன்று எழும்பியது. பிணங்களில் கண்ட அதே முண்டு! காரமருந்திட்டுச் சுட்டார்; ஆறிவிட்டது. இதைத் தம் நூலிலும் எழுதி வைத்தார். ஆயினும், காசநோய் தொற்றக்கூடியது என்று அவர் நம்பவில்லை. சான்று தம் விரலிலேயே இருந்தும் இப்படி நேர்ந்ததே என்று எனக்கு வியப்பு.

1826-இல் இருமலும் காய்ச்சலும் அவரை வாட்டின. மருத்துவரான உறவினர் மெரியாதெக், அவர் கண்ட கருவியையே அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஆகஸ்ட் 13-ஆம் நாள், 45-ஆம் வயதில் லென்னெக் காலமானார். விரல் கட்டியே உயிரைக் குடித்தது என்பாரும் உண்டு. எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. அது ஆறிய பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தாரே! இருமும் நோயாளிகள் நடுவில் அல்லவா அவர் நாளெல்லாம் இருந்தார்!

1882-இல் பெர்லினில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி வெட்டுக்காயம் வழியாகத் தோலில் புகலாம். உள்ளிருந்தும் தோலுக்கு வரலாம். கழுத்தில் கண்டமாலை உடைந்து ஆறாத புண்ணாவது இரண்டாம் வகை. அதனால்தான் தோலில் காசநோய் கண்டால் மருத்துவர்கள் நெஞ்சையும் சோதிக்கிறார்கள். தோலுக்கும் நுரையீரலுக்கும் பெரும்பாலும் மருந்து ஒன்றே. குறைந்தது ஆறு மாதம் விடாமல் உண்ண வேண்டும்.