மாம்பழம் மட்டும்தானா காரைக்கால் அம்மையார்?

காரைக்கால், பட்டினச்சேரி பக்கம் அம்மையார்னாலே ஆனி மாச மாங்கனித் திருவிழாதான். வணிகர் மகள் புனிதவதி, நாகப்பட்டினத்துப் பரமதத்தனை மணந்தது, மாம்பழ அற்புதத்தைக் கண்டு அவர் பிரிந்தது, இவர் பேயுரு கேட்டுப் பெற்றது... எல்லாம் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்லும் கதை. அம்மையார் வாழ்ந்தது 6ஆம் நூற்றாண்டை ஒட்டி என்பார்கள்.

அவரே பாடியதில் வேறொருவர் தெரிகிறார்: காது கூர்மையான இசை ரசிகர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டு ஆடலை 'சூப்பர், வேற லெவல்' என்று பொத்தாம்பொதுவாகப் பாராட்டிவிட்டு அவர் நகரவில்லை. துத்தம், இளி, தாரம் எனச் சுரங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். பொதுவாகச் சொல்லும் கணக்கில் இவை இன்றைய ரி, ப, நி. வாத்தியங்களும் அப்படித்தான்: தக்கை, தமருகம், குடமுழா, மொந்தை. இன்று மாணவர்களுக்கு இசை விமர்சனம் எழுதக் கற்றுத்தருவதும் இதைத்தானே? அவருடைய இரண்டு பதிகங்களுக்கும் பண் உண்டு: நட்டபாடை, இந்தளம்.