சிறுவர் பீமராவும் தகப்பனார் காட்டிய பெரியோரும்

பெங்களூருக்குத் தெற்கே, கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூரு என்னும் ஊர்களின் நிலத்தில் 1970-களின் இறுதியில் தோன்றிய எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்று தமிழர் பலர் உத்தியோகம் பார்க்கின்றனர். அங்கு வளரும் பிள்ளைகளுக்குப் பெரியோரென்று காட்டப்படுவோர் பெரும்பாலும் எளிய நிலையிலிருந்து உயர்ந்து பொருள் ஈட்டிய தொழிலதிபர்களே. உயர்ந்தவர், ஆதலின் உத்தமர் என்னும் இவ்வளவுகோல் புதிதன்று. பாபா சாகேப் அம்பேத்கரின் தகப்பனாரும் ஒருகால் இதையே கையாண்டார். மகன் அதனை ஏற்கவில்லை.

பீமராவ் 1891 ஏப்ரல் 14-இல் மோவ் நகரில் பதினான்காவது மகவாகப் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர், கபீர் நெறியினர், கண்டிப்பு மிக்கவர். பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடித்தனம். மகன் முன்னிரவில் உறங்குவான். தந்தை விழித்திருந்து இரவு 2 மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க வைப்பார். புத்தகம் வாங்கக் கையில் காசில்லையேல், மணமான பெண்களிடம் நகை பெற்று அடகு வைப்பார்.

பையன் பள்ளித் தேர்வொன்றில் தேறியபோது, இனத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். சிறுவனுக்குத் தலைக்கனம் ஏறுமென்று ராம்ஜி மறுத்தார். (மதிப்பெண்ணை ஊரெங்கும் பறைசாற்றும் இக்காலப் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணலாம்.) நண்பர் கேளுஸ்கர் வற்புறுத்தியபின்னரே இசைந்தார். அக்கூட்டத்தில் கேளுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரிதத்தைப் பையனுக்குப் பரிசளித்தார்.

அதனை வாசித்த பீமராவின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. நாள்தோறும் வீட்டில் இராமாயணமும் பாரதமும் வாசிக்கச் செய்யும் தந்தை, பௌத்த நூல்களை ஏன் காட்டவில்லை? தாழ்த்தப்பட்டோரை இழிவு செய்யும் கதைகளை ஏன் படிக்க வேண்டும்? முதன்முறை கேட்டபோது, சிறுவர்கள் சொன்னதைச் செய்தால் போதும் என்று தந்தை அடக்கிவிட்டார். மறுமுறை கேட்டபோது மனந்திறந்து விடை தந்தார். தீண்டப்படாதவர் என்னும் தாழ்வுணர்ச்சி பிள்ளைகளைப் பற்றாதிருக்கவே அந்நூல்களைக் கொடுத்ததாகவும், துரோணரும் கர்ணனும் சிறிய நிலையிலிருந்து எத்துணை உயர்ந்தனர் என்று காணுமாறும் கூறினார்.

தந்தையின் எண்ணம் தூயது. எனினும் மகன் உயர்வை அளக்கவில்லை, நடத்தையை அளந்தான். பீஷ்மரும் துரோணரும் சொல்வதொன்று, செய்வதொன்று என இருந்தவர்கள் எனக் கண்டான். வாலியைக் கொன்ற முறையும் சீதையை நடத்திய விதமும் இராமனிடம் அவனுக்கு வெறுப்பையே உண்டாக்கின. இவற்றைக் கேட்ட ராம்ஜி சினந்து எழவுமில்லை, மறுமொழி சொல்லவுமில்லை.

பின்னர்க் கேளுஸ்கரே பரோடா மன்னரிடம் பரிந்துரைத்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தார். 1913 பிப்ரவரி 2-இல் ராம்ஜி காலமானார். அவ்வாண்டே மகன் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில், லட்சக்கணக்கானோர் சூழ, பௌத்தம் தழுவினார்.

தமக்கு ஆசான்கள் மூவர் என அண்ணல் கூறிவந்தார்: புத்தர், கபீர், ஜோதிராவ் பூலே. முதல்வரைக் கேளுஸ்கரின் நூல் காட்டியது. நடுவில் நிற்பவர், பரேலின் ஒற்றை அறையில் தகப்பனார் நாள்தோறும் போற்றிவந்த கபீர்.