மடுல்சீமைக் காட்டுச் சேவலும் சார்ள்ஸ் டார்வினும்

இலங்கைக் காட்டுச் சேவல் தனித்திருக்கும் வீடுகளுக்கு இறங்கி வந்து, அங்கு வளரும் பேடுகளோடு சேர்ந்துவிட்டுப் போகும். காட்டோரம் கோழி வளர்ப்பவர்களுக்கு இது புதினமல்ல. ஆனால் 1868ஆம் ஆண்டிலேயே இதை லண்டனில் அச்சிட்ட ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தவர் இலங்கையில் ஒருநாளும் கால் வைக்காத ஒருவர். அவர் சார்ள்ஸ் டார்வின். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்னவர் என்ற ஒற்றை வரியில் நம் பாடசாலைகள் அவரை முடித்துவிடுகின்றன. அவர் கோழிக்கூட்டில் செலவிட்ட ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1809 பெப்ரவரி 12இல் இங்கிலாந்தின் ஷ்றூஸ்பரி நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் படிக்க அனுப்பினார்கள், பாதியில் விட்டார். பாதிரியாராக்கலாம் என்று நினைத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. 1831 முடிவில் பீகிள் கப்பலில் ஏறி ஐந்து வருடம் உலகைச் சுற்றினார். திரும்பும் வழியில் இந்து சமுத்திரத்தைக் கடந்தும் இலங்கைப் பக்கம் வரவில்லை. 1836இல் ஊர் திரும்பிய பிறகு பிரித்தானியாவை விட்டு அவர் வெளியேறவே இல்லை. தீராத வருத்தக்காரராக, 1842 முதல் கென்ற் பகுதியின் டவுன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் வாழ்ந்தார்.

அந்த வீட்டின் பின்வளவில்தான் 1855 அளவில் புறாக்களும் கோழிகளும் வந்து சேர்ந்தன. காட்டில் நடக்கும் மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஆயுள் போதாது. மனிதன் சேவலையும் பேட்டையும் தெரிந்தெடுத்து இணைக்கும் இடத்தில் அதைச் சில வருடங்களில் பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. படித்தவர்களை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. புறா வளர்ப்போர் கூடும் இடங்களுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். செத்த கோழிகளை அனுப்பித் தரும்படி உறவினர்களைக் கேட்டார். வந்தவற்றின் எலும்பைப் பிரித்தெடுத்து அளந்தார். அந்த நாற்றத்தில் அவருக்கே குமட்டியது.

உலகின் பல மூலைகளுக்கும் கடிதங்கள் போயின. சென்னையில் சேர் வோல்ற்றர் எலியட், கல்கத்தாவில் எட்வர்ட் பிளைத், பேராதனைத் தாவரவியல் பூங்காவில் துவெயிற்ஸ் என்று அந்தப் பட்டியல் நீளம். பருத்தித்துறையிலும் பறவைகளைச் சேகரித்த லயார்ட், இலங்கையிலேயே பிறந்த கெலார்ட் ஆகியோரின் எழுத்துகளையும் அவர் பயன்படுத்தினார். எல்லோரும் துரைமார். அந்தக் காட்டுச் சேவலைக் கண்ணி வைத்துப் பிடித்தவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்த அறிவில் பாதி அவர்களுடையது என்பது என் எண்ணம்.

வீட்டுக்கோழியின் மூதாதை யார் என்பதே அவருடைய கேள்வி. உருவத்தில் இலங்கைக் காட்டுக்கோழி வீட்டுக்கோழிக்கு மிக நெருக்கமானது. கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும், கூவல் வேறு மாதிரி இருக்கும். இலங்கையில் மிட்போர்ட் என்பவர் பார்த்த இரண்டு கலப்புக் கோழிகள், ஒரு சேவலும் ஒரு பேடும், காட்டுக் குரலோடு வளர்ந்தன, ஆனால் இனம் பெருக்கவில்லை. ஆகவே இலங்கைப் பறவையை விலக்கிவிட்டு, இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே தாய் என்று முடிவு செய்தார்.

அதற்கு ஆதாரம் தன் வளவிலேயே கிடைத்தது. கரிய ஸ்பானியச் சேவலை வெள்ளைப் பட்டுக்கோழியோடு சேர்த்தார். குஞ்சுகள் கறுப்பாகப் பிறந்தன. வளர வளர அவற்றில் ஒரு சேவலின் கழுத்திலும் முதுகிலும் செந்நிறம் ஏறி, காட்டுச் சேவலைப் போலவே ஆகிவிட்டது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த இடத்தில், இரண்டிலும் இல்லாத பழைய நிறம் திரும்பி வந்தது.

நிறத்தைவிட நமக்கு முக்கியமானது இன்னொன்று. அடை கிடப்பதை மறந்துபோன இரண்டு முட்டையினங்களைக் கலந்தால், பிறக்கும் பேடு அடை கிடக்கத் தொடங்குவதுண்டு என்பதை அவர் பதிவு செய்தார். மின்சார அடைகாப்பான் இல்லாத வீட்டில் இதன் பெறுமதி தெரியும். வருடத்துக்கு முந்நூறு முட்டை இடும் லேயர் கோழி குஞ்சு பொரிக்காது. அது ஓய்ந்ததும் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடை கிடக்கும், பருந்து வந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் மறைக்கும். ஊர்ப் பேட்டோடு றோட் ஐலண்ட் றெட் சேவலைச் சேர்த்தால் முட்டையும் இறைச்சியும் கூடும். முதல் கலப்புப் பெரும்பாலும் ஒரே சீராக வரும். அந்தக் கலப்புகளையே தங்களுக்குள் சேரவிட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. இதையும் டார்வின் 1859இலேயே எழுதினார். காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அது மெண்டலின் ஆய்வில் இருந்தது. அதை அவர் அறியாமலே போனார். எனவே நல்ல ஊர்ப் பேடுகள் சிலவற்றைக் கலக்காமல் தனியே காப்பாற்றி வைப்பது புத்தி. மடுல்சீமை லயனிலும் சரி, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து போய் வன்னியில் குடியேறி, அங்கும் போரில் எல்லாம் இழந்து நாலு குஞ்சோடு மறுபடி தொடங்கிய வளவிலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

ஒரே சேவலையும் அதன் பிள்ளைகளையும் வருடக்கணக்கில் வைத்திருப்பதன் கேட்டையும் அவர் விரிவாக எழுதினார். சேர் ஜோன் செப்ரைற் உருவாக்கிய அழகான குட்டைக்கோழிகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைக்கப்பட்டு, கடைசியில் சரியாக இனம் பெருக்க முடியாமல் போயின. இதை எழுதிய கை நடுங்கியிருக்கக் கூடும். டார்வின் மணந்த எம்மா அவருடைய தாய்மாமன் மகள். பிறந்த பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதில் இறந்தனர். 1851இல் பத்து வயது மகள் ஆனியை இழந்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. பிள்ளைகளின் நோய்க்குத் தன் திருமணமே காரணமோ என்ற பயம் அவரை அரித்தது. 1871 குடிசன மதிப்பீட்டில் உறவு முறைத் திருமணம் பற்றிக் கேள்வி சேர்க்கும்படி நண்பர் மூலம் முயன்றார், பாராளுமன்றம் மறுத்துவிட்டது. பின்னர் மகன் ஜோர்ஜ் அதை ஆராய்ந்து, தந்தை பயந்த அளவுக்குத் தீங்கு இல்லை என்று கண்டார்.

மடுல்சீமைக்கும் இந்தக் கதையில் நேரடி இடமுண்டு. கோழிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்த மறுவருடம், 1869இல், இலங்கையின் கோப்பிச் செடிகளைத் தாக்கிய இலைத்துரு நோய் முதலில் கவனிக்கப்பட்டது மடுல்சீமைத் தோட்டங்களில். நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியவர் அதே பேராதனைத் துவெயிற்ஸ். மலை மலையாக ஒரே இனச் செடி நின்றதால் நோய்க்குத் தடை இருக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்த வீழ்ச்சியில் வேலையும் கூலியும் இழந்து அலைந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மூதாதையர்.

டார்வின் 1882 ஏப்ரல் 19இல் தன் வீட்டிலேயே இறந்தார். லண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கோழி விடயத்தில் அவர் முடிவு பெரும்பாலும் நிலைத்தது, ஒன்றில் மட்டும் திருத்தம் வந்தது. வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்குமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். அவர் விலக்கிவைத்த இன்னொரு காட்டுச் சேவலும் என்றோ ஒருநாள் யாரோ ஒருவரின் வளவுக்குள் இறங்கியிருக்கிறது.