குமிழிகளை எண்ணிய மேதை

எங்கள் பம்மல் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரில்லாச் செடியைப் புனலின் கீழ் வைத்து, வெயிலில் எழும் குமிழிகளை எண்ணினோம். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறியது! அதே செடியை ஆராய்ந்தவர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

1858-ல் வங்காளத்தில் பிறந்த அவருக்கு, கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் இயற்பியல் ஆர்வமூட்டியவர் அருட்தந்தை லாஃபோன். பிரசிடென்சி கல்லூரியில் இந்தியர் என்பதால் சம்பளத்தைக் குறைத்தபோது, மூன்றாண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தி, முழுத்தொகையும் பெற்றார்.

இலையின் பச்சையம் கவரும் ஒளிச்சக்தி நீரைப் பிளந்து, பின் சர்க்கரையில் தங்குகிறது. பிளவில் வெளியேறும் ஆக்சிஜனே அக்குமிழி. ஒவ்வொரு குமிழிக்கும் தானே மணியடித்துப் பதிவு செய்யும் கருவியைப் போஸ் அமைத்தார். எங்களிடம் அது இருந்திருந்தால் சண்டையே வந்திராது!

கோடையில் ஹைட்ரில்லா, தன்னுள் இருக்கும் மாலிக் அமிலத்தைக் கொண்டே ஒளிச்சேர்க்கை செய்வதைக் கண்டு, 1924-ல் நூலில் வெளியிட்டார். அதன் காரணம் உலகுக்கு விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவரோ 1937-லேயே காலமாகிவிட்டார்.